பையோடு நீச்சல்: தவறெல்லாம் கரையில்தான் நடக்கிறது

வயிற்றில் ஆஸ்டமி பை (ஆபரேஷனில் வயிற்றில் போட்ட திறப்பு வழியாக வரும் மலமோ சிறுநீரோ சேர ஒட்டிக்கொள்ளும் பை) உள்ளவர்கள் நீச்சல் என்றதும் முதலில் பயப்படுவது, பை கழன்று எல்லோர் முன்னாலும் மிதந்தால் என்ன செய்வது என்றுதான். நானும் இலியோஸ்டமிக்காரன் (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள்), அந்தப் பயத்தோடு பல மாதம் கரையிலேயே உட்கார்ந்திருந்தவன். ஆனால் பை கழன்றால் பெரும்பாலும் அது தண்ணீரின் குற்றமாக இருக்காது, கிளம்புவதற்கு முன் நாம் செய்த ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

முக்கியமான தவறு, புதுப் பையாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்துக் கிளம்புகிற நேரத்தில் மாற்றுவது. தோலில் ஒட்டும் தட்டின் பசை உடல் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இளகித்தான் நன்றாகப் பிடிக்கும், அதற்குள் நனைத்துவிட்டால் ஓரம் கிளம்பத்தான் செய்யும். முந்தின இரவே மாற்றிவிடுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையை மேலே வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், வாசனை கிரீம் என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் பசை பிடிக்காது. எண்ணெய்க் குளியலையும் பை மாற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, ஒத்திகை பார்க்காமல் நேரே குளத்துக்குப் போவது. பாத்டப்பில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்வார்கள், நம் வீடுகளில் எங்கே பாத்டப்! வாளி வாளியாக வயிற்றில் ஊற்றிக்கொண்டு அரைமணி நேரம் ஈரத்தோடு இருந்து பார்த்தாலே ஓரளவு தைரியம் வந்துவிடும்.

பல பைகளின் மேல்பக்கம் காற்று வெளியேற ஒரு கரி ஃபில்டர் இருக்கும். நனைந்தால் அது சரியாக வேலை செய்யாது, பை பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். பை வரும் பெட்டியிலேயே சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்குமே, அந்த ஃபில்டரை மூடத்தான் அவை. எதற்கென்று தெரியாமல் ஒரு பெட்டி முழுவதையும் குப்பையில் போட்டவன் நான். கரையேறித் துடைத்ததும் ஸ்டிக்கரை எடுத்துவிட வேண்டும்.

பட்டினி கிடந்தால் பை காலியாக இருக்கும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. வெறும் வயிற்றில் காற்றுதான் அதிகமாகும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு, இறங்குவதற்குச் சற்று முன் பையைக் காலி செய்தால் போதும். பை நிறையும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது அதைவிட மோசம். இலியோஸ்டமியில் பெருங்குடல் வழியாக எதுவும் போகாததால் தண்ணீரும் உப்பும் சீக்கிரம் வெளியேறிவிடும், ஓ.ஆர்.எஸ். கையில் இருக்கட்டும். யூரோஸ்டமிக்காரர்கள், அதாவது சிறுநீருக்குப் பை வைத்திருப்பவர்கள், இறங்கும் முன் பையின் குழாய் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஸ்டோமாவுக்குள், அதாவது வயிற்றில் உள்ள அந்தத் திறப்புக்குள், புகுந்துவிடாது, குளோரினும் கடல் உப்பும் அதைக் கெடுக்காது, அந்தக் கவலையை விடுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு: ஆபரேஷன் காயம் முழுதாக ஆறாமல், சர்ஜன் சரி சொல்லாமல் இறங்கவே கூடாது. கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதையும், குற்றாலத்தில் அருவி நேரே பைமேல் விழும்படி நிற்பதையும் தவிருங்கள்.

தொளதொள டீசர்ட் பையை மறைக்கும் என்று நினைப்போம், தண்ணீரில் அது மேலே மிதந்து எல்லாவற்றையும் காட்டிவிடும். வயிற்றுக்கு மேல் வரை ஏறும், கொஞ்சம் இறுக்கமான, அடர்நிற நைலான் உடைதான் சரி. பூப்போட்டதாக இருந்தால் பையின் மேடு தெரியவே தெரியாது.

கரையேறியபின் பையின் பின்பக்கத் துணியை ஒற்றித் துடைக்காமல் உடை மாற்றினால், அந்த ஈரத்தில் தோல் அரிக்கும். மாற்றுப் பையும் ஸ்டோமா அளவுக்கு வெட்டி வைத்த தட்டும் கூடவே இருக்க வேண்டும், ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், பசை உருகிவிடும். நான் டிபன் பாக்ஸ் ஒன்றில் போட்டு நிழலில் வைத்துவிட்டு இறங்குகிறேன்.