ஃபில்டரைத் தொடுவதற்கு முன்

சிந்தசைசரில் புது பேட்ச் (ஒரு ஒலிக்கான அமைப்பு) செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் சில அதிர்வுகளை வெட்டும் ஃபில்டரையும் எஃபெக்ட்டுகளையும் அணைத்துவிடுவேன். எதிரொலி தரும் ரிவெர்ப் போட்டால் எந்த ஒலியும் அழகாகத்தான் கேட்கும். மூல ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரில் என்ன நடக்கிறது என்பது அதில் மறைந்துவிடும்.

நான் பயன்படுத்துவது வைட்டல் என்ற மென்பொருள் சிந்த். அதன் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். மற்ற சிந்த்களிலும் இதே வேலைதான், குமிழ் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

அலை வடிவத்தை வைத்தே பாதிக் குணம் தீர்மானமாகிவிடுகிறது. சைனில் அடிப்படை அதிர்வு மட்டும். ரம்பப் பல் வடிவ சாவில் (saw) அதன் 2, 3, 4 மடங்கு என எல்லா ஹார்மோனிக்கும் உண்டு. ஸ்கொயரில் 1, 3, 5 என ஒற்றைப்படை மட்டும், அதனால்தான் அதில் உள்ளே காலியான ஒரு தன்மை. டிரையாங்கிளிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேலே போகப் போகச் சட்டென்று மெலிந்துவிடும்.

சரி, இப்போது ஒரு சின்ன சோதனை. இரண்டு ஆஸிலேட்டரிலும் சா, ஒரே சுருதி, ஒரே அளவு. ஒன்றின் ஃபேஸை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது) 0 டிகிரி, இன்னொன்றை 180 என்று வையுங்கள். பக்கத்தில் இருக்கும், அந்தத் தொடக்க இடத்தை ஒவ்வொரு நோட்டுக்கும் மாற்றும் ரேண்டம் சதவீதம் இரண்டிலும் 0. ஒரு நோட்டை அழுத்துங்கள். ஒலி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏறியிருக்கும்! சுருதியை யாரும் தொடவில்லை. ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, இரட்டைப்படை மட்டும் மிஞ்சியதன் விளைவு இது. ஃபேஸ் என்றால் என்ன என்று எனக்கு உறைத்ததே இதைக் கேட்டபோதுதான்.

அப்புறம் டீட்யூன், அதாவது சுருதியைச் சற்றே விலக்குவது. இரண்டையும் பழையபடி ஒரே ஃபேஸில் வைத்து, ஒன்றை மட்டும் 7 சென்ட் ஏற்றுங்கள் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). 220 ஹெர்ட்ஸ் நோட்டில் அடிப்படை அதிர்வின் அளவு நொடிக்குச் சுமார் ஒருமுறை ஏறி இறங்கும். அந்த அசைவுதான் ஒலிக்கு உயிர். 880-க்குப் போனால் அதே 7 சென்ட் நொடிக்கு மூன்று நான்கு முறை படபடக்கும்.

கீழே போனால்தான் வம்பு. 55 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு நாலரை நொடி ஆகும். அதற்கு நடுவே ஒரு கட்டத்தில் அடிப்படை அதிர்வு கிட்டத்தட்டக் காணாமலே போகும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க பேஸ் (bass, கீழ்ச்சுருதி ஒலி) ஏன் விட்டுவிட்டு மெலிகிறது என்று ஒலி அளவைச் சீராக்கும் கம்ப்ரஸரையும் ஸ்பீக்கரையும் நோண்டிக்கொண்டிருந்தேன். அதிலும் ரேண்டம் 100 சதவீதத்தில் இருந்ததால், ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் வேறு வேறு இடத்தில் மெலிந்தது.

இப்போதெல்லாம் பேஸுக்கு ஒரு சைனைத் தனியாக, டீட்யூன் இல்லாமல், ரேண்டம் 0-வில் அடியில் வைக்கிறேன். டீட்யூன் செய்த சா ஜோடி அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே. அந்த ஜோடி எவ்வளவு ஆடினாலும் அடி அசையாது.