மழைக்கு மழை விழுந்த ட்ரிப் சுவிட்ச்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவுக் கிணறு வீட்டிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. மாரி தொடங்கினால் போதும், மோட்டரைப் போட்டவுடன், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு மோட்டர்களைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் மண்ணைக் கிண்டிப் பார்த்தால், வீட்டுச் சுவருக்குள் போடுகிற சாதாரண வயரை மெல்லிய பைப்பில் நுழைத்து முக்கால் அடி ஆழத்தில் புதைத்திருந்தார்கள். வாழைக்குப் பாத்தி கட்டியபோது மண்வெட்டி பட்டிருக்கிறது.

வயரிங் செய்யும் அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, மண்ணுக்குள்ள போறதெண்டால் ஆமர்ட் கேபிள்தான்" என்றார், அதாவது உலோகக் கவசம் போட்ட கேபிள். இங்கு பின்பற்றும் பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதியும் அதுதான்: நேரடியாகப் புதைக்கும் கேபிளுக்கு எர்த் செய்த உலோகக் கவசம் வேண்டும், இல்லாவிட்டால் அதே அளவு பாதுகாப்புத் தரும் குழாய் வேண்டும். மேலே எச்சரிக்கை நாடாவோ மூடியோ கட்டாயம்.

அளவையும் கணக்குப் பார்த்தோம். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு 12 மில்லிவோல்ட் குறையும். எங்கள் மோட்டர் 6 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 2.5 வோல்ட்தான் நட்டம். 230 வோல்ட்டில் 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட் வரை போகலாம். 2.5 சதுர மில்லிமீட்டரும் போதும்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டை நினைத்துப் பெரியதையே எடுத்தேன்.

இரண்டடி வெட்ட நினைத்தோம். ஓரிடத்தில் ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக்கல் வந்துவிட்டது, அங்கே கேபிளின் மேல் சீமெந்துப் பலகை வைத்தோம். மற்ற இடமெல்லாம் மணல், அதன்மேல் மஞ்சள் நாடா. இரு முனையிலும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் பூட்டி, வீட்டுப் பக்கத்தில் கவசத்தை எர்த்துடன் இணைத்தார். கார்த்திகை மழை முழுக்க மோட்டர் ஓடியது.