கோவிட்டுக்குப் பின் மூளை மந்தமா? வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

கோவிட் வந்து மூன்று மாதமாகியும் பேசும்போது சொல் வாயில் வராமல் நிற்கிறதா? படித்த பத்தியையே திரும்பப் படிக்கிறீர்களா? அது சோம்பல் இல்லை. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே மந்தம் வரும், அதற்கு மருந்தும் உண்டு. மூளை ஸ்கேன் பலருக்கு நார்மலாகவே வரும். அதை வைத்து 'எல்லாம் மனப்பிரமை' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

எழுந்து நின்றால் படபடப்பு, படுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் தானியங்கி நரம்பு மண்டலத்தை (இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை நாம் நினைக்காமலே இயக்கும் நரம்புகள்) சந்தேகிக்கலாம். சோதிப்பது எளிது, ஆனால் துணைக்கு ஒருவர் அவசியம். காபி, டீ குடிக்கும் முன் 10 நிமிடம் மல்லாந்து படுத்து, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு குதிகால்களைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்து, தோளைச் சுவரில் சாய்த்து அசையாமல் நில்லுங்கள். 10 நிமிடம் வரை, நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதுவரை 40) அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். இது 'பாட்ஸ்' (POTS, எழுந்து நின்றால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) ஆக இருக்கலாம். காலை ஆட்டினால் கணக்கு கெட்டுவிடும்: கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளி, துடிப்பைக் குறைத்துக் காட்டும். தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். உப்பைக் கூட்டுவது மருத்துவர் சொன்ன பிறகுதான், முக்கியமாக பிபி, சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது நல்ல நாளில்தான். உடம்பு தேறியது என்று நிலுவை வேலை எல்லாவற்றையும் முடிப்பார்கள். அதன் விளைவாக உடம்பு சரிவது பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து. அதனால் காரணம் பிடிபடுவதில்லை. நோட்டில் அன்றன்று செய்த வேலை, தூங்கிய நேரம், அடுத்த இரண்டு நாள் நிலை மூன்றையும் எழுதுங்கள். கணக்குப் பார்ப்பது, நீண்ட போன் பேச்சு, மீட்டிங் எல்லாம் வேலைதான். இரண்டு வாரத்தில் உங்கள் எல்லை தெரிந்துவிடும். அதைத் தொடும் முன்பே நிறுத்துங்கள். இப்படிச் சரிகிறவர்களை 'தினம் கொஞ்சம் கூடுதலாக நட' என்று தள்ளுவது நிலைமையை மோசமாக்கும்.

மோப்பம் போயிருந்தால் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்களை ஒவ்வொன்றாக 20 விநாடி, தினம் இருவேளை முகருங்கள். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சு குழறுவது, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் நோட்டைத் தேடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.