சாய்ந்ததெல்லாம் இட்டாலிக் இல்லை

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என் பொறுப்பு. பெயர்களுக்கு ஈபி கராமண்ட் என்ற எழுத்துருவின் சாய்வெழுத்தான இட்டாலிக் என்று முடிவு செய்தேன். சோதனை அச்சு வந்ததும் ஏதோ உறுத்தியது. எழுத்து சாய்ந்திருந்தது, ஆனால் காற்றில் சரிந்த வேலி மாதிரி விறைப்பாக நின்றது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்ன 'ஏ' (a) நேரெழுத்தில் உள்ள அதே இரண்டடுக்கு வடிவம். அசல் இட்டாலிக்கில் அது கையால் எழுதுவதுபோல ஒற்றை வளையமாக இருக்கும். 'எஃப்' (f) எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். கணினியில் நான் நிறுவியிருந்தது நேரெழுத்துக் கோப்பு மட்டும். சாய்வுப் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் அதையே பிடித்துச் சாய்த்துவிட்டது.

இட்டாலிக் என்பது தனி எழுத்து. வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ உலோகத்தில் வெட்டிய முதல் இட்டாலிக்கில் 1501-இல் புத்தகம் வந்தது. அதற்கு மாதிரி அக்காலக் கையெழுத்து. ஈபி கராமண்டின் இட்டாலிக்கோ எழுத்துருவுக்குப் பெயர் தந்த கராமண்ட் வரைந்ததுகூட இல்லை, ராபர்ட் கிரான்ஜோன் என்ற இன்னொரு எழுத்துக் கலைஞரின் எழுத்தைத் தழுவியது!

இட்டாலிக் கோப்பைத் தனியாக இறக்கி நிறுவி, எழுத்துருப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்தேன். சரியாகிவிட்டது. அப்புறம், 8 புள்ளி அளவில் இருந்த முகவரியில் மெல்லிய கோடுகள் பொன்நிற மையில் காணாமல் போயிருந்தன, 11 ஆக்கினேன். கூடவே சாய்த்திருந்த தமிழ் வரியையும் நிமிர்த்தினேன், சுழிகள் கோணிக்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு அச்சையும் அருகருகே வைத்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்றாள் அக்கா.