மொட்டை மாடி யுபிவிசி கதவு: மழைநீர் புகாமல் பொருத்தும் முறை

எங்கள் சென்னை வீட்டில் மாடிப்படி முடியும் இடத்தில் இருந்த மரக்கதவு ஒவ்வோர் ஐப்பசியிலும் ஊறி உப்பிவிடும். அதை எடுத்துவிட்டு யுபிவிசி (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) கதவு போட்டோம். முதல் மழையிலேயே படியில் தண்ணீர் இறங்கியது. நிலையைக் கழற்றி நானே மறுபடி பொருத்தினேன், அதில் செய்த ஒரு தவறையும் திருத்தினேன். அதன்பின் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது, படி காய்ந்தே இருக்கிறது.

1. நிலைக்கும் சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். மர நிலைக்குச் செய்வதுபோல் கலவை வைத்து இறுக்கவே கூடாது. 2.1 மீட்டர் உயர யுபிவிசி நிலை, 30 டிகிரி வெப்பம் கூடினால் 4 மி.மீ.க்கு மேல் நீளும். சிமெண்ட் அதற்கு இடம் தராது. விளிம்பில் மயிரிழை விரிசல் விடும், மழை அதில்தான் நுழையும்.

2. நிலை உட்காரும் தளம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடிச்சட்டத்தின் கீழ் நீளவாக்கில் இரண்டு கோடு சிலிக்கான் (இடைவெளி அடைக்கும் பசை) போட்டு, அதன்மேல் நிலையை உட்கார வையுங்கள்.

3. ரசமட்டம் பார்த்து, திருகு வரும் இடமெல்லாம் பிளாஸ்டிக் சக்கை வைத்து முடுக்குங்கள். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் திருகு, பிறகு 600 மி.மீ.க்கு ஒன்று. அடிச்சட்டத்தில் திருகு போட்டால் துளைக்குள் முதலில் சிலிக்கான் நிரப்புங்கள்.

4. நிலைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியில் பியு ஃபோம் (அடித்ததும் உப்பிக் கெட்டியாகும் நுரை) அடியுங்கள். பாதி நிரப்பினால் போதும், மீதியை அதுவே உப்பி நிரப்பிக்கொள்ளும். ஃபோம் மழையைத் தடுக்காது. வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடியும். அதனால் காய்ந்ததும் வெளிப்பக்கம் உள்ளடங்க வெட்டிவிட்டு, மேலே சிலிக்கான் போட்டு மூட வேண்டும்.

(பின்சேர்க்கை: ஃபோம் அடித்த மறுநாளிலிருந்து கதவு உரசுவதாக ஒருவர் கேட்டிருந்தார். உப்பும் ஃபோம் நிலையை உள்ளே தள்ளியிருக்கும். அடிக்கும்போது கதவைச் சாத்தி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே அட்டை செருகி வையுங்கள்.)

5. சிலிக்கானில் 'நியூட்ரல்' வகை மட்டும் வாங்குங்கள். வினிகர் வாடை அடிப்பது கண்ணாடிக்கு நல்லது, சிமெண்டில் உரிந்து வரும். சுண்ணாம்பையும் தூசியையும் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசுங்கள். சிலிக்கான் குழாயை அழுத்தித் தள்ளும் துப்பாக்கி மெல்லிய தகட்டில் செய்ததாக வேண்டாம், அது வளைந்து கோடு விட்டுவிட்டு வரும்.

6. நான் தவறியது இங்கேதான். அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். தண்ணீர் நுழையும் ஓட்டை என்று நினைத்து அவற்றையும் சிலிக்கானால் அடைத்துவிட்டேன். உண்மையில் அவை வடிகால். சாரல் அடித்தால் ரப்பர் கேஸ்கெட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீர் சட்டத்தின் பள்ளத்தில் இறங்கத்தான் செய்யும். இந்தத் துளை வழியாக வெளியே போய்விடும். அடைத்ததும் பள்ளம் நிரம்பி வீட்டுக்குள் வழிந்தது. துளைகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பூசி முடித்ததும் ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். பள்ளத்தில் ஒரு குவளை நீர் ஊற்றினால் உடனே வெளியே வடிய வேண்டும்.

ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் பிய்ந்து பிய்ந்துதான் வரும்.

ஒரு நாள் விட்டு, ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.