பழைய கார்டா, புதிய கார்டா? கிராபிக்ஸ் கார்டுகளை நாமே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ 2020 டிசம்பரில் வந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது 2023ல். எண் பெரியது, தலைமுறையும் புதியது, அதனால் 4060தான் வேகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெரும்பாலான கேம்களில் பழைய 3060 டிஐ ஒரு படி முன்னால் நிற்கிறது. இப்படியான இடங்களில் பெட்டியில் இருக்கும் எண் உதவாது. நாமே அளந்து பார்க்க வேண்டும்.

படி 1: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

என்விடியாவில் கடைசி இரண்டு இலக்கம் கார்டின் தரம், அதற்கு முன் இருப்பது தலைமுறை. 4060 என்றால் 40ஆம் வரிசையில் 60 தரம். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6600 என்றால் முதல் இலக்கமான 6தான் தலைமுறை. 2025ல் வந்த 9070 எக்ஸ்டி முதல் அவர்களும் ஏறக்குறைய என்விடியா வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் ஒளிந்திருப்பதும் உண்டு. ஜிடி 1030ல் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது ஒன்று, டிடிஆர்4 மெமரி உள்ளது இன்னொன்று. முதலாவதன் மெமரி பேண்ட்வித் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போகும் அளவு) நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதற்கு 17 ஜிபிகூட இல்லை. பெயர் ஒன்று, வேகம் வேறு. அதனால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கணினியில் உண்மையில் எந்த கார்டு இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 2: விவரப் பட்டியலைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

2017ல் வந்த ஆர்எக்ஸ் 580ஐயும் 2021ல் வந்த ஆர்எக்ஸ் 6600ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். 580ல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்னக் கோர்கள், 6600ல் 1792தான். பேண்ட்வித்தை நாமே கணக்குப் போடலாம்: பஸ் அகலத்தை (ஒரே நேரத்தில் போகும் பிட்களின் எண்ணிக்கை) மெமரி வேகத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். 580க்கு 256 பிட், 8 ஜிகாபிட். விடை நொடிக்கு 256 ஜிபி. 6600க்கு 128 பிட், 14 ஜிகாபிட். விடை 224 ஜிபி. இரண்டு வரியிலும் பழையதுதான் பெரியது. ஆனால் கேமை ஓட்டினால் 6600 தெளிவாக முந்துகிறது.

காரணம் பட்டியலின் மற்ற மூலைகளில் இருக்கிறது. 580ன் பூஸ்ட் வேகம், அதாவது சிப் எட்டும் உச்ச வேகம், 1340 மெகாஹெர்ட்ஸ், 6600க்கு அது 2491 வரை போகும். கூடவே சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ் என்ற அதிவேகச் சேமிப்பிடம் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் வெளியே உள்ள மெமரிவரை ஓட வேண்டியதில்லை. அகலமான சாலை இல்லாவிட்டாலும் பயணமே குறைந்துவிடுகிறது.

கோர் எண்ணிக்கையும் தலைமுறை தாண்டினால் ஏமாற்றும். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயில் 4352 கோர், 3070ல் 5888. ஆனால் வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 30ஆம் வரிசையில் பாதிக் கோர்கள் தசமக் கணக்கையும் முழு எண் கணக்கையும் மாற்றி மாற்றிச் செய்கின்றன. எண்ணும் முறையே மாறியிருக்கிறது. அதனால் கோர் எண்ணிக்கையை ஒரே வரிசைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

மெமரி அளவு மட்டும் எப்போதும் முக்கியம். அது நிரம்பிவிட்டால் கார்டு கணினியின் ரேமை நாடும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 3.0ல் 16 தடம் முழுவதும் இருந்தால்கூட அந்த வழி நொடிக்கு சுமார் 16 ஜிபிதான். 6600 போல 8 தடம் மட்டுமே உள்ள கார்டைப் பழைய மதர்போர்டில் செருகினால் அதிலும் பாதி. இருநூறைத் தாண்டி ஓடிய வண்டி எட்டுக்கு இறங்குகிறது. கேம் திக்கித் திணறும்.

படி 3: களத்தைச் சமமாக்குங்கள்

இரண்டு கார்டையும் ஒரே கணினியில், ஒரே பிராசஸரோடு, ஒரே ரெசல்யூஷனில் சோதிக்க வேண்டும். கார்டை மாற்றும்போது டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

நான் முதன்முதலில் ஒப்பிட்டபோது இரண்டு கார்டும் அச்சுப் பிசகாமல் நொடிக்கு 60 பிரேம் (திரையில் வரும் படங்கள்) காட்டின. இதற்கா இவ்வளவு செலவு என்று நொந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, பிரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கை அணைக்க மறந்திருந்தேன்; 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருந்தது. வி-சிங்க், பிரேம் லிமிட், குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாவற்றையும் முதல் சுற்றில் அணைத்துவிடுங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டையும் கவனியுங்கள். அது 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நாம் அளப்பது கார்டைத்தான். 60, 70 என்று நின்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் தடை. ரெசல்யூஷனை ஏற்றிப் பாருங்கள்.

படி 4: ஓட்டுங்கள்

3டிமார்க் என்ற சோதனை மென்பொருளின் டைம் ஸ்பை சோதனை ஒரு நல்ல தொடக்கம். அதில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு கிராபிக்ஸ் மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். மொத்தத்தில் பிராசஸரும் கலந்திருக்கும்.

அப்புறம் கேம். நீங்கள் உண்மையில் விளையாடும் இரண்டு மூன்று கேம்களே போதும். பத்து நிமிடம் ஓடவிட்டுக் கார்டைச் சூடாக்குங்கள். பழைய கார்டில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் சூடானதும் வேகம் இறங்கும், அது சிப்பின் குற்றம் அல்ல. பிறகு ஒரே இடத்திலிருந்து ஒரே பாதையில் 60 நொடி நடந்து, பிரேம்களை அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளில் பதிவுசெய்யுங்கள். நான்கு முறை செய்து முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். ஷேடர்கள் (காட்சியை வரையும் சின்ன நிரல்கள்) தயாராவதால் அதில் தடுமாற்றம் இருக்கும்.

படி 5: எண்களைப் படியுங்கள்

சராசரி மட்டும் பார்த்தால் போதாது. 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 16.7 மில்லிநொடி. ஒரு நொடியில் 54 பிரேம் அதே வேகத்தில் வந்து, ஒரே ஒரு பிரேம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால்? கணக்கில் 55 பிரேம், பார்க்க ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்த ஒரு இடத்தில் திரை வெட்டி நின்றதைக் கண் பிடித்துவிடும். இதைக் காட்டுவதுதான் ‘1 சதவீத லோ’ என்ற எண்; மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் வேகம் அது. மெமரி போதாத கார்டு இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சதவீதத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். பழையது 60, புதியது 90 என்றால் புதியது 50 சதவீதம் வேகம். ஆனால் பழையது 33 சதவீதம்தான் மெதுவானது. எதை அடிப்படையாக வைத்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு வரும் இரட்டிப்பு எண்ணை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. அது இடையில் பிரேம்களைச் செருகுகிறது. படம் வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்ததற்கான பதில் விரைவாவதில்லை.

மின்சாரத்தையும் ஒரு வரி எழுதுங்கள். 580க்கு 185 வாட், 6600க்கு 132 வாட். சராசரி பிரேமை வாட்டால் வகுத்தால் புதிய கார்டின் உண்மையான பலம் பலசமயம் அங்கே தெரியும்.

அளக்க முடியாத வித்தியாசங்கள்

சிலவற்றுக்கு எண்ணே கிடையாது. ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கென்று வன்பொருள் இல்லாத ஜிடிஎக்ஸ் 1080 டிஐ எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்களில் பயனில்லை. வீடியோ பதிவுசெய்பவர்களுக்கு ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் என்கோடிங் வேண்டுமென்றால் என்விடியாவில் 40ஆம் வரிசையிலிருந்துதான் கிடைக்கும்.

இன்னொன்று: புதிய கார்டு வந்த உற்சாகத்தில் பழையதை உடனே கழற்றிவிடாதீர்கள். பழையதன் எல்லா அளவையும், டிரைவர் பதிப்போடும் கேம் பதிப்போடும், முதலில் எழுதி முடியுங்கள். ஏதாவது விட்டுப்போனால் திரும்பச் செருகி, டிரைவரைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து... ஒரு மாலைப்பொழுது முழுக்க அதிலேயே போய்விடும்.