பசி தாங்காத புழுவ வச்சு ஒரு வாரம் பாடம் எடுக்கலாம் வாங்க (ஒன்னாப்பு, ரெண்டாப்பு டீச்சர்களுக்கு)

படக்கதை புக்க வாசிச்சு முடிச்ச உடனே கலர் பேப்பரும் கத்தரிக்கோலும் கையில குடுத்துடுறோம், பசங்களும் அழகா ஒரு புழு ஒட்டி வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுதுங்க, ஆனா புக்குக்குள்ள இருந்த கணக்கும் பேச்சும் அப்படியே விட்டுப்போயிடுது. அதனால கிராஃப்ட கடைசிக்கு தள்ளுங்க, ஒரே புக்க ஒரு வாரம் வச்சுக்கங்க. இங்க நான் எடுத்துக்கிட்டது எரிக் கார்ல் எழுதி படம் போட்ட 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்', 1969ல வந்தது. ஒரு குட்டி புழு கிழமைக்கு கிழமை பழத்த ஓட்டை போட்டு தின்னுட்டே போயி கடைசில பட்டாம்பூச்சி ஆகுறது தான் கதை, பக்கத்துலயும் நிஜமாவே ஓட்டை இருக்கும். பஞ்சிங் மெஷின்ல பேப்பர்ல ஓட்டை போட்டுட்டு இருக்கும்போது தான் அவருக்கு இந்த யோசனையே வந்துச்சாம், அந்த ஓட்டை தான் நம்மளுக்கும் முக்கியம்.

திங்கட்கிழமை வாசிப்பு மட்டும். முதல் தடவை கேள்வியே கேக்காதீங்க, தமிழ்ல கதையா சொல்லிட்டே பக்கத்த திருப்புங்க, பழத்துல இருக்குற ஓட்டைக்குள்ள விரல விட்டுப் பாக்க எல்லாருக்கும் சான்ஸ் குடுங்க, அவசரப்படுத்த வேண்டாம். ரெண்டாவது தடவை வாசிக்கும்போது ஒவ்வொரு கிழமை முடிவுலயும் நீங்க நிறுத்துங்க, "ஆனா பசி அடங்கல"ன்னு பசங்க கோரஸா சொல்லட்டும். இந்த ஒரு வரி நல்லா வாய்க்கு வந்துட்டா புதன்கிழமை எழுத்து வேலை பாதி முடிஞ்ச மாதிரி தான்.

செவ்வாய்க்கிழமை கணக்கு. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு கை புளியங்கொட்டை குடுங்க. கதையில புழு தின்னது திங்கள் 1 ஆப்பிள், செவ்வாய் 2 பேரிக்காய், புதன் 3 பிளம்ஸ், வியாழன் 4 ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி 5 ஆரஞ்சு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரிசைன்னு தரையில அடுக்குனா படிக்கட்டு மாதிரி வரும், அதுக்கப்புறம் "மொத்தம் எத்தன பழம்?"னு கேளுங்க. முதல்ல ஒன்னொன்னா தான் எண்ணுவாங்க, எண்ணட்டும், 15 வரும். இப்ப 1 வரிசைய 4 வரிசையோட சேத்து வைக்க சொல்லுங்க, 2ஐ 3ஓட சேக்க சொல்லுங்க, ஏற்கனவே ஒரு 5 இருக்கு, ஆக மூணு அஞ்சு! இத நீங்க சொல்லிடாதீங்க, யாராச்சும் ஒரு குழந்தை கண்டுபிடிக்கிற வரைக்கும் பொறுமையா இருங்க, அந்த அஞ்சு நிமிஷத்துக்காக தான் இந்த பாடமே.

கதையில சனிக்கிழமை புழு சாப்பிடுறது கேக், ஐஸ்கிரீம், லாலிபாப், தர்பூசணின்னு 10 ஐட்டம், அதுக்கப்புறம் வயித்து வலி. அஞ்சு நாள்ல 15, ஒரே நாள்ல 10, ஏன் சனிக்கிழமை மட்டும் வலிச்சுதுன்னு கேட்டு விடுங்க, பசங்க நல்லா வாக்குவாதம் பண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு இலையயும் சேத்தா 26. ரெண்டாப்புக்கு "இதே மாதிரி ரெண்டு புழு இருந்தா?"னு கேக்கலாம்.

புதன்கிழமை எழுத்தும் குட்டி புக்கும் சேத்து. ஏ4 ஷீட்ட குறுக்கால பாதியா வெட்டுனா ஒவ்வொரு துண்டும் 21 செ.மீ. நீளம் இருக்கும், ஒரு குழந்தைக்கு 7 துண்டு. அஞ்ச மட்டும் 5, 8, 11, 14, 17 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கங்க, சனி ஞாயிறு பக்கம் முழுசா இருக்கட்டும். சின்னது மேல வர்ற மாதிரி இடது ஓரத்த ஒன்னா சேத்து ஸ்டேப்ளர் அடிச்சா ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் எட்டிப்பாக்கும். ஆனா பின் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டுடுங்க. பஞ்சிங் மெஷின் பேப்பரோட ஓரம் வரைக்கும் தான் எட்டும், நடுவுல போடாது, அதனால பழத்த வலது ஓரமா மேலருந்து கீழ வரைய சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பக்கத்துல 5 பழம் வரணுங்கறதால ஒவ்வொன்னும் ரெண்டு விரல் அகலத்துக்கு மேல போக கூடாது.

எழுத வேண்டிய வாக்கியம் சிம்பிள், "திங்கட்கிழமை 1 கொய்யா தின்னுச்சு, ஆனா பசி அடங்கல." புக்குல இருக்குற பழத்தயே எழுத விடாதீங்க, அவங்கவங்க வீட்டு பக்கம் கிடைக்கிற பழம் வரட்டும், நாவல்பழம், சீதாப்பழம், எது வேணா. எழுத்துப்பிழைய அன்னைக்கே சிவப்பு பேனால திருத்தாதீங்க ப்ளீஸ், குழந்தை தன் வரிய சத்தமா வாசிச்சு காட்டட்டும், நெறைய பிழை அங்கயே அதுவா பிடிச்சுக்கும். எழுத வராத குழந்தை சொல்ல சொல்ல நீங்க புள்ளி வச்சு எழுதிக் குடுங்க, அது மேல எழுதட்டும். கடைசியா பச்சை உல்லன் நூல ஓட்டைங்க வழியா கோத்து விட்டா அது தான் புழு.

வியாழன் பெயிண்டிங், வெள்ளி வெட்டி ஒட்டறது, ரெண்டையும் ஒரே நாள்ல வைக்காதீங்க, ஈர பேப்பர் கிழிஞ்சிடும். கார்ல் மெல்லிசான டிஷ்யூ பேப்பர்ல பெயிண்ட் அடிச்சு, காய வச்சு, அத வெட்டி ஒட்டி தான் படம் பண்ணுவார். நம்ம கிளாஸுக்கு பழைய நோட்டு பேப்பரும் போஸ்டர் கலரும் போதும். பழைய டூத்பிரஷ், சீப்பு, தேங்கா நாரு வச்சு இழுத்தா ஒவ்வொன்னும் ஒரு கோடு குடுக்கும். கொடியில கிளிப் போட்டு காய விட்டு மறுநாள் வட்டம் வட்டமா வெட்டி சார்ட்ல மைதா பசையால ஒட்டுங்க.

ஒன்னு மட்டும் பசங்களுக்கு சொல்லிடுங்க, கதையில புழு கூடு கட்டுது, நிஜத்துல பட்டாம்பூச்சி புழு தோல உரிச்சு கூட்டுப்புழுவா மாறும், நூல் சுத்தி கூடு கட்டறது பட்டுப்புழு மாதிரி அந்துப்பூச்சி வகைங்க. ஸ்கூல்லயோ பக்கத்து வீட்டுலயோ கறிவேப்பிலை, எலுமிச்சை செடி இருந்தா இலைய திருப்பி பாருங்க, எலுமிச்சை பட்டாம்பூச்சியோட புழு சின்னதுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளந்தப்புறம் தான் பச்சையாகும். செடியிலயே விட்டு பாக்கறது நல்லது.

இந்த புக்கு கிடைக்கலன்னா ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ் படக்கதைங்க இலவசமா இருக்கு, பிரிண்ட் எடுத்துக்கலாம். எண்ணிக்கையும், திரும்ப திரும்ப வர்ற ஒரு வரியும் இருக்குற கதையா பாத்து எடுங்க, மத்தத எல்லாம் இதே மாதிரி மாத்திக்கலாம்.